கிளிஞ்சல் சீர்

முதலில் துண்டு. தோளிலிருந்து எடுத்து ஓர் உதறு உதறி, நாலாம் நம்பர் கம்ப்யூட்டரின் கீபோர்டை ஒரு துடை, திரையை ஒரு துடை, கடைசியில் தன் முகத்தை ஒரு துடை. பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு சுழல் நாற்காலியில் ஏறிச் சம்மணம் போடுவார். சுழலுகிற நாற்காலியில் சம்மணம் போட்டு உட்காருவது எல்லோருக்கும் கைவருகிற வித்தை இல்லை. சாமிக்கண்ணுவுக்கு நாற்காலி அடங்கி நிற்கும். வலது கை மவுசின் மேல் போகும். இடது கை மடியில், உள்ளங்கை மேலே பார்க்க, சும்மா கிடக்கும். அதற்கு அங்கே வேலை இல்லை.

"சின்னப்பாப்பா சாப்புடாம கெடக்குது பாரும்மா. மொதல்ல அதுக்கு ஒரு பன்னு போடு," என்பார்.

"நீங்களே போடுங்க சாமிக்கண்ணு அண்ணே. எட்டு மாசமா நானா போடறேன்?" என்று பிரவுசிங் சென்டர் சிவசங்கரி நோட்டிலிருந்து தலை தூக்காமல் சொல்வாள்.

அவரே போடுவார். திரையில் பச்சை நிறத்தில், முயல் காதும் தொப்பை வயிறுமாக ஒரு பிராணி பன்னைத் தின்றுவிட்டு ஒரு குதி குதிக்கும். சாமிக்கண்ணு அதுவரைக்கும் மூச்சு விடமாட்டார். குதித்த பிறகுதான் நாளே தொடங்கும்.

ஆளுக்கு ஐம்பத்து மூன்று வயது. முதலியார்பேட்டையில் வீடு. பஞ்சாலையில் இருபத்தெட்டு வருஷம் அறுந்த நூலை முடிந்து போட்டவர். ஆலையில் ஆள் குறைத்தபோது விருப்ப ஓய்வு என்று விருப்பமில்லாமல் வந்தவர். இப்போது பக்கத்து மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனி ஒன்றில் மத்தியானம் இரண்டு மணி ஷிப்ட்டு வேலை. காலை நேரம் அவருடையது. ஒன்பதிலிருந்து பதினொன்று வரைக்கும் நாலாம் நம்பரில் அவரைத் தவிர வேறு யாரும் உட்கார முடியாது. ஒரு தடவை பேங்க் பரீட்சைக்கு விண்ணப்பம் போட வந்த பெண் தெரியாமல் உட்கார்ந்துவிட்டாள். சாமிக்கண்ணு தோளிலிருந்து துண்டை எடுத்தார். பின்னால் நின்று, அவளுடைய கீபோர்டையும் துண்டால் துடைத்தார். அவளே எழுந்துகொண்டாள்.

விளையாட்டு இதுதான். இணையத்தில் ஒரு தீவு. அங்கே போய் ஒரு பிராணியைத் தத்து எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் வளர்க்கிற பிராணியைப் போய்ப் பார்க்கலாம், பரிசும் கடிதமும் அனுப்பலாம். தீனி போட வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், உடுத்திப் பார்க்க வேண்டும். அதற்கெல்லாம் காசு வேண்டும். தீவில் செல்லுகிற காசு கிளிஞ்சல். குட்டி குட்டியாக ஆட்டங்கள் வைத்திருக்கிறார்கள். அதில் ஜெயித்தால் கிளிஞ்சல் கிடைக்கும். மரத்திலிருந்து விழுகிற பழத்தைக் கூடையில் பிடிக்கிற ஆட்டம் சாமிக்கண்ணுவினுடையது. பார்க்கப் பிள்ளை விளையாட்டு, ஆனால் போகப் போகப் பழங்கள் மழை மாதிரி கொட்டும். பள்ளிக்கூடத்துப் பெண்களே எண்பதாவது பழத்தில் கையை விட்டுவிடுவார்கள். ஆயிரம் கதிர் சுற்றும்போது எந்த நூல் அறுந்தது என்று ஓரக்கண்ணால் பார்த்த ஆளுக்கு அது எம்மாத்திரம். பழம் விழுவதற்கு முன்னால் கூடை அங்கே போய் நிற்கும்.

ஓர் ஆட்டத்துக்கு இருநூற்றைம்பது கிளிஞ்சல் வரைக்கும் கிடைக்கும். ஒரு நாளைக்கு மூன்று ஆட்டத்துக்குத்தான் கூலி. நாலாவது ஆட்டம் ஆடினால் ஆடிக்கொண்டே இருக்கலாம், காலணா வராது. இதைக் கேட்டு மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள். சாமிக்கண்ணுவுக்கு அந்த விதி ரொம்பப் பிடித்துவிட்டது.

"மூணு ஷிப்ட்டு வெச்சிருக்கான். நாயமான ஆளு," என்றார். முதல் ஆட்டம் முடிந்ததும் வெளியே போய் ஒரு டீ. இரண்டாவது முடிந்ததும் ஒரு பீடி. மூன்றாவது முடிந்ததும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு இறங்கிவிடுவார். இன்னும் அரை மணி பாக்கி இருந்தாலும் உட்காரமாட்டார்.

தீவில் ஏழைபாழைகளுக்கு இலவசக் கஞ்சி ஊற்றுகிற இடம் ஒன்று உண்டு. அங்கே போனால் தீனிச் செலவு மிச்சம் என்று சிவசங்கரி காட்டிக் கொடுத்தாள். சாமிக்கண்ணுவின் முகம் மாறிப் போனது. "ஸ்ட்ரைக்கு நேரத்துல மில்லு கேட்டாண்ட கஞ்சித்தொட்டி வெச்சாங்க. அப்பவே நான் வரிசையில நிக்கல. எங்கம்மாவ கொண்டாந்து இங்க நிக்க வெப்பேனா?"

எங்கம்மா என்றது பச்சைப் பிராணியை. அதற்கு அவர் வைத்த பெயர் அவருடைய தாயார் பெயர். அரியாங்குப்பத்துக் கொல்லைக்காரர் வீட்டுப் பெண் சின்னப்பாப்பா, காலமாகிப் பதினாறு வருஷம் ஆகிறது.

மனைவி செல்வாம்பாளுக்கு இதில்தான் எரிச்சல். "உசுரோட இருந்தப்ப அத்தைக்கு ஒரு பொறை வாங்கியாந்து குடுத்ததில்ல. இப்ப காலங்காத்தால போயி பன்னு ஊட்டிட்டு வராரு. அதுவும் மணிக்குப் பதினஞ்சு ரூவா குடுத்து."

செல்வாம்பாள் சொல்வதிலும் தப்பில்லை. ஆனால் சாமிக்கண்ணு ஏன் போனார் என்பதற்கு அவருடைய காதைப் பார்க்க வேண்டும். இரண்டு காதிலும் ஓட்டை இல்லை. அந்த வகையறாவில் ஆண் பிள்ளைக்கும் காது குத்தாமல் விடுவது கிடையாது. சாமிக்கண்ணுவுக்கு மூன்று வயதில் நாள் குறித்தார்கள். தாம்பூலத்தை முதலில் தாய்மாமனுக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும். போகிற வழியில் பங்காளி வீடு குறுக்கே வந்தது என்று அங்கே ஒரு தட்டு வைத்துவிட்டுப் போனார்கள். விஷயம் தாய்மாமன் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு அவர் வரவில்லை. பத்தர் ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார், பிள்ளை மொட்டை போட்டு நிற்கிறது, உட்கார மடி இல்லை. சின்னப்பாப்பா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். "என் அண்ணன் மடி இல்லாத காது குத்து என் வயித்துப் புள்ளைக்கு வேணாம்." அண்ணன் கடைசிவரை வரவில்லை. காதும் அப்படியே நின்றுபோனது.

அதே சின்னப்பாப்பாவுக்குக் காலம் போன காலத்தில் பிறந்த பெண் பார்வதி. அண்ணனுக்கும் தங்கைக்கும் பதினேழு வயது வித்தியாசம். பார்வதியை ஹரிகிருஷ்ணனுக்குக் கொடுத்தார்கள். ஹரிகிருஷ்ணனின் பாட்டனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். அந்த வழியில் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. இப்போது பாரீசுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஒரே பெண், சிந்துஜா. எட்டு வயதாகியும் காது குத்தவில்லை. ஒரு தடவை ஊருக்கு வந்தபோது தீட்டு, இன்னொரு தடவை லீவு போதவில்லை. இப்போது பெண்ணுக்கே வாய் வந்துவிட்டது, குத்திக்கொள்ளமாட்டேன் என்கிறாள்.

போன கார்த்திகையில் போன் வந்தது. "அண்ணே, ஆடி மாசம் வக்கான்சு லீவுக்கு வரோம். வீராம்பட்டினத்தில வெச்சு முடிச்சிடலாம்னு பாக்குறேன். இவ ஒத்துக்க மாட்டேன்றா. கம்ப்யூட்டர்ல கேரமெல்னு ஒண்ணு வளக்குறா. மொதல்ல அதுக்குக் காது குத்தி தங்கத் தோடு போடணுமாம். அப்புறந்தான் இவளுக்காம்."

"போட்டுட வேண்டியதுதானே?"

"அந்தத் தோடு ரெண்டு லட்சம் கிளிஞ்சலு. இவங்கப்பா ஒரு மணி நேரத்துக்கு மேல கம்ப்யூட்டர் தொட வுடமாட்டாரு. எங்க சேக்கறது? நாத்தனா வேற, செப்டம்பர்ல இங்கியே நகைக்கடையில துப்பாக்கி மாதிரி வெச்சி டக்குனு அடிச்சிடலாங்குறாங்க. மடியும் வேணாம், மாமனும் வேணாம்னு சொல்லிச் சிரிக்கிறாங்க."

மாமனும் வேணாம் என்ற சொல்லைச் சாமிக்கண்ணு அன்றைக்கு ராத்திரி சோற்றோடு சேர்த்து மெல்ல முடியாமல் மென்றார். மறுநாள் காலையில் சிவசங்கரி கடை ஷட்டரைத் தூக்கும்போது வாசலில் நின்றார். கிளிஞ்சல் என்றால் அரியாங்குப்பத்து ஆற்று முகத்துவாரத்தில் அள்ள அள்ளக் கிடைப்பதுதானே, சுண்ணாம்புக் காளவாய்க்கு வண்டி வண்டியாகப் போகிற சாமான்தானே என்று நினைத்து, இரண்டு லட்சம் கிளிஞ்சலை மூட்டை கட்டி பாரீசுக்கு அனுப்ப என்ன ஆகும் என்று கூரியர் இராமதாசிடம் விசாரித்தும் விட்டார். "பிரான்சுக்காரன் கடல்லயே கெடக்குமே சார்," என்றான் இராமதாஸ். பிறகுதான் சிவசங்கரி உட்காரவைத்துத் தீவைக் காட்டினாள். அன்றைக்கே சிந்துஜாவுக்குப் போன் போட்டு, கேரமெல்லுக்குத் தோடு போடுவது தன் பொறுப்பு என்றார்.

உண்மையான தங்கத் தோட்டை அவர் ஒரு சாயங்காலத்தில் வாங்கி முடித்துவிட்டார். நாலு கிராம், சிவப்புக் கல், செல்வாம்பாள் தேர்ந்தெடுத்தது. பீரோவில் பத்திரமாக இருக்கிறது. கிளிஞ்சல் தோட்டுக்குத்தான் எட்டு மாதம் ஆனது. நடுவில் இராமதாஸ் ஒரு யோசனை சொன்னான். எவனோ ஒருவன் முந்நூறு ரூபாய் கொடுத்தால் ஒரே நாளில் கிளிஞ்சலை நிரப்பித் தருகிறானாம்.

"சீரு வைக்கிறவன் கையில வேர்வை இருக்கணும்டா," என்று சாமிக்கண்ணு பழம் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"மவுசுல இன்னா சார் வேர்வை?"

சாமிக்கண்ணு மவுசைத் திருப்பி அவன் கையில் கொடுத்தார். நனைந்திருந்தது.

ஆடி பிறந்தது. கணக்கில் ஒரு லட்சத்து எழுபத்து மூவாயிரத்து முந்நூற்றைம்பது. தங்கை குடும்பம் வர இரண்டு வாரம்கூட இல்லை. ஒரு நாளைக்கு எழுநூற்றைம்பது வீதம் போனால் பத்தாயிரம் தேறும். மீதிப் பதினேழாயிரத்துக்கு எங்கே போவது? நாலு நாள் யோசித்தார். டீக்குப் போகவில்லை, பீடி மட்டும் இரண்டாக ஆனது. அப்புறம் இந்த ஊரில் பிறந்த எந்த மனிதனும் செய்கிற காரியத்தைச் செய்தார். பத்திரிகை அடித்தார்.

சிவசங்கரியே அடித்துக் கொடுத்தாள், மஞ்சள் தாளில். 'எனது தங்கை மகள் செல்வி சிந்துஜா வளர்த்து வரும் கேரமெல்லின் காதணி விழாவை முன்னிட்டு, ஞாயிறு காலை ஒன்பது மணிக்குமேல் நாலாம் நம்பர் கம்ப்யூட்டரில் மொய் ஏற்கப்படும். தங்கள் நல்வரவை விரும்பும் தாய்மாமன்.' பிரவுசிங் சென்டருக்கு வந்துபோகிற அத்தனை பேருக்கும் கொடுத்தார். டீக்கடைக்கு, பெட்டிக்கடைக்கு, ஆலையில் கூட வேலை பார்த்தவர்களுக்கு, குடம் கம்பெனி சூப்பர்வைசருக்கு.

செல்வாம்பாள் தாளைப் படித்துவிட்டு முகவாயில் கை வைத்தாள். "மொய்யி பொண்ணு வூட்டுக்குத்தானே வெப்பாங்க. தாய்மாமனா மொய்யி வாங்குவான்? ஒலகத்தில இல்லாத மொறையா இருக்குதே."

"சீர்த்தட்டு தூக்கும்போது நாலு சனம் கூட வருதா இல்லியா? ஆளுக்கொரு தட்டு. இதுவும் அப்பிடித்தான்."

"தட்டு தூக்கிட்டு வரவன் துட்டையா போடறான்?"

"நீ போயி வடைக்கு அரை."

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ஷட்டருக்கு வெளியே நின்றது. ஒருவருக்கும் தீவில் கணக்கே இல்லை. அதற்கென்ன, புதிதாகச் சேருகிறவர்களுக்கு வழிச்செலவு மாதிரி ஐந்நூறு கிளிஞ்சலைத் தீவே கொடுக்கிறது. வந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து, சிவசங்கரி சொல்லச் சொல்ல ஒரு பிராணியைத் தத்து எடுத்து, கையோடு ஐந்நூறையும் சாமிக்கண்ணுவுக்குப் பரிசாக அனுப்பப் பார்த்தார்கள்.

முதலில் உட்கார்ந்த இராமதாசைச் சாமிக்கண்ணு தடுத்தார். "முழுசா ஐந்நூறு வெச்சா மொய்யா? மேல ஒண்ணு வெய்யி."

"குடுத்ததே ஐந்நூறுதானே சார். அந்த ஒண்ணுக்கு நான் எங்க போவேன்?"

"ஒரு ஆட்டம் ஆடு. ஒரு பழம் புடிச்சா ஒரு கிளிஞ்சல்."

ஆக, வந்த ஒவ்வொருவரும் ஒரு பழம் பிடித்தார்கள். குடம் கம்பெனி சூப்பர்வைசருக்கு அந்த ஒரு பழத்தைப் பிடிக்க இருபது நிமிஷம் ஆனது, பின்னால் நின்ற வரிசை கை தட்டியது. சிவசங்கரி மைக் இல்லாமலே அறிவித்தாள். "கூரியர் இராமதாஸ் ஐந்நூத்தி ஒண்ணு. டீக்கடை நாராயணசாமி ஐந்நூத்தி ஒண்ணு." வடை, கேசரி, டீ. நாற்பத்து மூன்று பேர். கடைசி மொய் விழுந்தபோது கணக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டி நூற்று நாற்பத்து மூன்றில் நின்றது. அந்த நூற்று நாற்பத்து மூன்றுக்குக் கேரமெல்லுக்கு ஒரு மாலை எடுக்கலாம் என்றார். தோட்டை மட்டும் அன்று வாங்கவில்லை. ராகு காலம் வந்துவிட்டது. திங்கட்கிழமை நல்ல நேரத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை துண்டை உதறி, கீபோர்டைத் துடைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தால், திரையில் சின்னப்பாப்பா ஒரு பனிக்கட்டிக்குள் நிற்கிறது. காது விறைத்து, கண் திறந்தபடி. கீழே சிவப்பு எழுத்தில் நாலு வரி.

"இன்னாம்மா இது?"

சிவசங்கரி எழுந்து வந்து படித்தாள். "உங்க கணக்கை நிறுத்தி வெச்சிட்டாங்கண்ணே. ஒரே நாள்ல, ஒரே எடத்துலேர்ந்து, நாப்பத்து மூணு புதுக் கணக்கு. அத்தினியும் சரியா ஐந்நூத்தி ஒண்ணு உங்களுக்கு அனுப்பியிருக்குது. ஒரே ஆளு நாப்பத்து மூணு பேர்ல வந்து மோசடி பண்ணியிருக்கான்னு சொல்றாங்க."

"நாப்பத்து மூணு பேரும் நானா?"

"ஆமாம்னு சொல்றாங்க."

சாமிக்கண்ணு திரையை இன்னொரு தரம் துடைத்தார். "அதுக்குள்ள குளுருமா?" என்று கேட்டார்.

அன்றைக்குக் குடம் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு மனு எழுதினார். ஆலைத் தொழிற்சங்கத்தில் எழுதிப் பழகிய கை. 'பெருமதிப்பிற்குரிய நிர்வாகத்துக்கு. எட்டு மாதமாக மூன்று ஷிப்ட்டும் தவறாமல் உழைத்த தொழிலாளியை விசாரணை இன்றி நிறுத்தியது தொழிலாளர் விரோதப் போக்கு' என்று தொடங்கி, மொய் என்றால் என்ன, ஒன்று ஏன் சேர்க்க வேண்டும், தாய்மாமன் மடி எதற்கு என்று ஐந்து பக்கம். நாற்பத்து மூன்று பேரும் வேறு வேறு ஆள்தான் என்பதற்கு நாற்பத்து மூன்று கையெழுத்து. சிவசங்கரி பாதியை இங்கிலீஷில் போட்டு அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. ஒரே வரி. முடிவில் மாற்றம் இல்லை.

செல்வாம்பாள் காப்பியை வைத்தபடி சொன்னாள். "நான் அன்னிக்கே சொன்னேன். தாய்மாமன் மொய்யி வாங்குற மொறை எங்கியும் கெடையாதுன்னு. அந்த வெள்ளக்காரனுக்கே தெரிஞ்சிருக்குது."

சனிக்கிழமை பார்வதி குடும்பம் வந்து இறங்கியது. சிந்துஜா காரிலிருந்து குதித்து நேராக அவர் முன்னால் வந்து நின்றாள். மாமா என்று கூப்பிடமாட்டாள், பிரெஞ்சுக்காரப் பிள்ளைகள் மாதிரி தொந்தோன் என்பாள். சாமிக்கண்ணுவுக்கு அது தன் தொந்தியைச் சொல்வது போலவே இருக்கும்.

"தொந்தோன், சின்னப்பாப்பா ஏன் ஐஸ்ல இருக்கு? நீ த்ரிஷ் பண்ணியா?"

"கள்ளாட்டம் ஆடுனியான்னு கேக்குறாண்ணே," என்றாள் பார்வதி, பெட்டியை இறக்கிக்கொண்டே. "மாமாவை நீ வா போன்னு சொல்லாதன்னு எத்தினி தரம் சொல்றது உனக்கு?"

சாமிக்கண்ணு பெட்டியைக் கையில் வாங்கினார். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நாள் கூட ஷிப்ட்டுக்கு லேட்டாகப் போகாத ஆள். எட்டு வயசுப் பெண் கள்ளாட்டமா என்று கேட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வீராம்பட்டினத்து அம்மன் கோயிலில் ஆடிக் கூட்டம். வேப்பமரத்து நிழலில் பாய் விரித்து, தட்டில் வெற்றிலை பாக்கு, சிவப்புக் கல் தோடு, தேங்காய், பழம். பத்தர் ஊசியை வேப்பெண்ணெயில் தொட்டு வைத்திருந்தார். சாமிக்கண்ணு புது வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடி தயார். சிந்துஜா இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"கேரமெல்லுக்கு முதல்ல. தொந்தோன் சொன்னான், போடறேன்னு சொன்னான். போடலை."

பார்வதி கெஞ்சினாள், மிரட்டினாள், ஐஸ்கிரீம் சொன்னாள். செல்வாம்பாள் தோட்டைக் காட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. ஹரிகிருஷ்ணன் வாட்ச்சைப் பார்த்துவிட்டு, "லேஸ், பார்வதி. வுட்டுடு. பாரீஸ்ல அக்கா பாத்துப்பாங்க," என்றார். சொன்னதில் குத்தல் இல்லை. ஆனால் பார்வதி சட்டென்று அண்ணன் முகத்தைப் பார்த்தாள். சாமிக்கண்ணு தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் மடி வரவில்லை. இன்றைக்கு மடி வந்து உட்கார்ந்திருக்கிறது, காது வரவில்லை.

"பத்தரே," என்றார். "எனக்குக் குத்துங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான். கேரமெல்லுக்குப் பதிலா."

பத்தர் அவர் காதைப் பிடித்துப் பார்த்தார். "இது காதா, செருப்புத் தோலா? இதுக்கு ஊசி பத்தாது, மரத்துல ஓட்டை போடுற தமரு வேணும்." பக்கத்துப் பாய்க்காரர்கள் எல்லாம் திரும்பிவிட்டார்கள். "சரி, குத்துறேன். மொறைன்னு ஒண்ணு இருக்குதே, உன்ன எந்த மாமன் மடியில ஒக்கார வெக்கிறது?"

சிரிப்பு அடங்குவதற்குள் மரத்துக்குப் பின்னாலிருந்து சிந்துஜா வந்தாள். பாயில் அவர் எதிரே சம்மணம் போட்டாள், அவர் போடுகிற மாதிரியே. தன் மடியை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"இங்க."

தொண்ணூறு கிலோ மனிதர், பாயில் சாய்ந்து, தலையை மட்டும் அந்தச் சின்ன மடியில் வைத்தார். அவள் இரண்டு கையாலும் தலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "பூஜ் பா," என்றாள். ஆடாதே என்று அதற்கு அர்த்தம். பத்தர் இடது காதில் ஊசியை ஏற்றினார். சாமிக்கண்ணுவின் வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் பாயின் மேல் டக் டக் டக்கென்று பழம் பிடித்தது.

"வலிக்குதா?"

"எறும்பு கடிக்கற மாதிரின்னு சொல்வாங்க. பொய்யி. தேளு கொட்டுற மாதிரி இருக்குது. ஆனா சீக்கிரம் போயிடும்."

பத்தர் அவர் காதில் செருகிய வேப்பங்குச்சியை அவள் குனிந்து கிட்டத்தில் பார்த்தாள். "எத்தினி தரம்?"

"காதுக்கு ஒரு தரம். ரெண்டோட ஷிப்ட்டு முடிஞ்சிடும்."

"உனக்கு ஒண்ணு போதும்," என்று மாமனிடம் சொல்லி, பத்தரைக் கை காட்டி நிறுத்திவிட்டு, அவர் தலையைத் தன் மடியிலிருந்து தள்ளி எழுப்பினாள். அவர் எழுந்து உட்காருவதற்குள் அவர் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். முதல் ஊசிக்கு அலறிய அலறலில் பக்கத்துப் பாய்ப் பிள்ளைகள் எல்லாம் அழ ஆரம்பித்தார்கள். ஆனால் இறங்கவில்லை.

"காது ஒட்டிக்காம இருக்க தெனம் ரெண்டு வேளை எண்ணெ வெச்சித் திருப்பணும்," என்றார் பத்தர். "மாமனுந்தான்."

ஆகஸ்டு கடைசியில் அவர்கள் பாரீஸ் போய்ச் சேர்ந்தார்கள். சாமிக்கண்ணு குத்திய ஒற்றைக் காதோடு ஊரில் திரிகிறார். குடம் கம்பெனியில் கேட்கிறவர்களுக்கெல்லாம் கதை சொல்ல நேரம் இல்லை என்பதால், "தங்கச்சி மவ மடியில குத்துனது," என்று மட்டும் சொல்கிறார். கேட்டவர்களுக்கு இன்னும் குழப்பம்.

காலை ஒன்பது மணிக்கு நாலாம் நம்பர். துண்டு. கீபோர்டு, திரை, முகம். புதுக் கணக்கு, ஐந்நூறு கிளிஞ்சலிலிருந்து. சின்னப்பாப்பா என்ற பெயர் பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொண்டதால் இது சின்னப்பாப்பா இரண்டு. பன்னைத் தின்று ஒரு குதி குதித்தது. முதல் ஆட்டத்துக்குக் கூடையை எடுக்கப் போகும்போது திரையின் மூலையில், கேரமெல் முகத்தோடு, கடிதப் பெட்டி மின்னியது. சிவசங்கரி எழுந்து வரப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, பஸ் போர்டு படித்துக் கற்ற இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டினார். தி, ருப், பி, னி, யா. திருப்பினியா.

இத்தனை மாதமாக மடியில் சும்மா கிடந்த இடது கை மெல்ல எழுந்து காதுக்குப் போனது. குச்சியைப் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றியது.